இடது புருவத்தில் ஒரு தழும்பு

எங்கள் ரயில் நிலையத்தில் அவரை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயது இளையவர். இருந்தும் நானும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். நான் விசாரணை முகப்பில் உட்காருகிறவன். தலைக்கு மேலே ஆறடிப் பலகையில் எழுதியிருப்பதையே என்னிடம் வந்து கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எரிச்சல் பிடித்துப்போனவன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஒரு மேஜை, கழுத்து வளைந்த ஒரு மைக், அதன் அடியில் ஒரு சுவிட்ச், சுவிட்சைப் போட்டால் எரியும் ஒரு சிவப்பு விளக்கு. இருபத்திரண்டு வருடம் அந்த விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தவர் அக்கா. அவரைப் பற்றி இப்போது ஊரில் பேசுவதில் பாதி பொய். மீதிப் பாதியில் என் பங்கு விட்டுப்போயிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டிகளை அறிவிப்பது அக்கா இல்லை, இயந்திரம். ஆனால் இயந்திரத்தின் குரல் அக்காவுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்ட ஒரு அறையில் மூன்று நாள் உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள். ஒன்றிலிருந்து நூறு வரை ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். வாக்கியத்தின் நடுவில் வருவதற்கு ஒரு மாதிரி, முடிவில் வருவதற்கு ஒரு மாதிரி. ‘வந்து சேரும்’, ‘புறப்படும்’, ‘நடைமேடை’ எல்லாம் தனித்தனித் துண்டுகள். இயந்திரம் அவற்றைக் கோத்துக்கொள்ளும். அக்காவுக்கு வயதாயிற்று, முடி நரைத்தது, மூக்குக்கண்ணாடி வந்தது. இயந்திரத்தில் இருப்பவருக்கு மட்டும் இன்னும் முப்பது வயதுதான். “எனக்கே அவளைப் பாத்தா பொறாமையா இருக்கு” என்பார்.

நேரடியாக மைக்கில் பேசுவது எப்போதாவதுதான். நடைமேடை மாறினால், பை தொலைந்தால், குழந்தை தொலைந்தால். குழந்தை தொலையாத வாரம் கிடையாது. அதற்கு அக்கா ஒரு முறை வைத்திருந்தார். குழந்தையின் பெயரைச் சொல்லவே மாட்டார். பெயர் தெரிந்தால் வேறு யாராவது கூப்பிட்டு அழைத்துப் போய்விடுவார்கள் என்று பயம். வயது, உடுப்பு, உடம்பில் ஓர் அடையாளம், யார் காத்திருக்கிறார்கள், எங்கே. இரண்டு முறை. கடைசியில், எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத ஒரு வரி: “பயப்பட வேண்டாம். அம்மா திட்ட மாட்டார்.” தொலைந்த குழந்தைகளில் பாதிப் பேர் தொலைவதில்லை, திட்டுக்குப் பயந்து ஒளிந்துகொள்கிறார்கள் என்பது அக்காவின் கண்டுபிடிப்பு. அந்த வரிக்குப் பிறகு தூணுக்குப் பின்னாலிருந்து எத்தனை குழந்தைகள் வெளியே வந்திருக்கிறார்கள் என்று நானே பார்த்திருக்கிறேன்.

அவருடைய மகனும் அப்படி ஒருநாள் தொலைந்தான். அப்போது ஐந்து வயது. அக்கா மைக்கில் கூப்பிட்டார். குரல் கேட்டதும் பயல் தலைதெறிக்க ஓடிவந்தான். ஓடிவந்த வேகத்தில் இரும்பு பெஞ்சு முனையில் முட்டிக்கொண்டு, இடது புருவத்தில் மூன்று தையல். “கூப்பிட்டா வந்துடுவான். மண்டை உடைஞ்சாலும் வந்துடுவான்” என்று அக்கா பல வருடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தான். கையில் எப்போதும் ஒரு திருப்புளியோடு வருவான். என் முகப்பு மின்விசிறி இன்றைக்கும் சத்தம் இல்லாமல் சுற்றுகிறதென்றால் அது அவன் கைவேலை.

போர் தொடங்கிய முதல் வருடம் நானும் கைதட்டினேன். எனக்குப் பிள்ளை கிடையாது. அதனால் போரைப் பற்றி எனக்கு நிறையக் கருத்துகள் இருந்தன. எந்த மலையைப் பிடிக்க வேண்டும், எந்தப் பாலத்தை உடைக்க வேண்டும் என்று டீ குடிக்கும் நேரத்தில் பொரிந்து தள்ளுவேன். ஒருநாள் அக்கா கோப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“நீங்க சொல்றதெல்லாம் சரியாவே இருக்கட்டும். உங்க வீட்லேர்ந்து யார் போறா?”

எனக்குச் சுரீரென்று தைத்தது. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அடுத்த மாதம் பத்தொன்பது வயதானவர்களையெல்லாம் அழைத்து உத்தரவு வந்தது. அவருடைய மகனுக்கும் வந்தது. பயிற்சி முகாமுக்குப் போகும் முன் என் மின்விசிறிக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போனான்.

அதற்குள் போர்முனைக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் ஸ்பெஷல் வண்டிகள் ஓடத் தொடங்கியிருந்தன. வாரத்துக்கு இரண்டு, பிறகு நான்கு. எங்கள் நிலையத்தில் எஞ்சின் மாற்ற எட்டு நிமிடம் நிற்கும். நடைமேடை நான்கில்தான் நிறுத்துவார்கள். விசாரணை அறையின் பின்கதவு அதே நடைமேடைக்குத்தான் திறக்கும். ஸ்பெஷல் நிற்கும்போது அதைத் தாழிட்டு வைக்க வேண்டும் என்று உத்தரவு. பொதுமக்கள் யாரும் நெருங்க முடியாது. இயந்திரம் மட்டும் அக்காவின் முப்பது வயதுக் குரலில், நடைமேடை நான்கில் நிற்கும் சிறப்பு வண்டி இன்னும் சில நிமிடங்களில் புறப்படும் என்று இனிமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அக்கா நிலைய மேலாளரிடம் போய், ஸ்பெஷல் அறிவிப்பிலிருந்து மட்டுமாவது என் குரலை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். பிள்ளைகளை அங்கே அனுப்புகிற காரியத்துக்குத் தன் வாய் வேண்டாம் என்றார். எழுதியும் கொடுத்தார். மேலாளர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அவர் சொன்ன பதிலை அக்கா எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினார்: “குரல் நிர்வாகத்தோடது. நீங்க குடுத்துட்டீங்க. குடுத்த குரலைத் திருப்பிக் கேட்டா எப்படி?”

அப்புறம் அக்கா கையெழுத்து வாங்க ஆரம்பித்தார். பிள்ளைகளைத் திருப்பிக் கூப்பிடுங்கள் என்று ஒரு மனு. நிலையத்தில் இருநூறு பேர் வேலை பார்க்கிறோம். ஆறு கையெழுத்து சேர்ந்தது. அந்த ஆறில் நான் இல்லை. ஓய்வுக்கு மூன்று வருடம்தான் இருக்கிறது என்று சொன்னேன். தாளை மடித்து எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார். மனு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மகன் தொலைபேசியில் பேசினான். வியாழக்கிழமை காலை நம் நிலையம் வழியாகத்தான் போகிறோம் என்றான். அக்கா வெளிறிப்போய் என் முகப்பில் வந்து உட்கார்ந்தார். அவன் கடைசியாகச் சொன்னதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“வெளிய வந்து நிக்காதீங்கம்மா, விடமாட்டாங்கன்னான். உங்க குரல் கேக்கும்ல, அது போதும்னான்.” அப்புறம், “என் குரலே அவனை வழியனுப்பப் போகுது” என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறிப்போனது.

வியாழக்கிழமை பத்து நாற்பதுக்கு ஸ்பெஷல் வந்து நின்றது. ஜன்னல் ஜன்னலாகப் பச்சைச் சட்டைகள். ராணுவக் காவலர்கள் இறங்கி வண்டியின் இரண்டு முனையிலும் நின்றார்கள். இயந்திரம் பேசத் தொடங்கியது. பாதி வாக்கியத்தில் அது நின்றது. அக்கா அதை நிறுத்தியிருந்தார். அப்புறம் மணி ஒலித்தது. நேரடி அறிவிப்புக்கு முன்னால் வரும் மணி.

“கவனிக்கவும். நடைமேடை நான்கில் ஒரு பிள்ளை தனியாக இருக்கிறான். வயது பத்தொன்பது. பச்சைச் சட்டை, பச்சைக் கால்சட்டை, கறுப்புக் காலணி அணிந்திருக்கிறான். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கும். அவனுடைய அம்மா விசாரணை அறையில் காத்திருக்கிறார். பயப்பட வேண்டாம். அம்மா திட்ட மாட்டார்.”

எப்போதும்போல் இரண்டு முறை சொன்னார். அவசரப்படவில்லை, குரல் நடுங்கவில்லை. தொலைந்த குழந்தைக்கு எப்படிச் சொல்வாரோ அப்படியே. டீ விற்பவர்கூட வாயை மூடிக்கொண்டார்.

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்கதவை யாரோ தட்டினார்கள். என் முதுகுக்குப் பின்னால் அக்கா கண்ணாடிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. தாழை எடுக்கக் கூடாது என்பது உத்தரவு. எடுத்தேன். அக்காவின் மகன் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

அவன் இல்லை. வேறு ஒரு பையன். ஒல்லி. சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து நுழையும், அவ்வளவு இடம். தொப்பி கையில். ஓடிவந்த மூச்சு. என் முகப்பில் தொப்பியை வைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தான்.

“எங்க அம்மா எங்க சார்?”

அவன் புருவத்தைப் பார்த்தேன். தழும்பு இருந்தது. வலது பக்கம். தம்பி, இடதுன்னு சொன்னாங்க என்றேன். எனக்குக் கோணலான புத்தி, அந்த நேரத்திலும் திருத்தம்தான் வந்தது. அவன் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“எனக்கு வலதுதான். அம்மா பதட்டத்துல மாத்திச் சொல்லியிருப்பாங்க. எங்க அவங்க?”

அக்கா கண்ணாடி அறையிலிருந்து வந்தார். தன் பிள்ளை என்று நினைத்து வந்த முகம், பையனைப் பார்த்ததும் என்ன ஆயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாசல்படியில் ஒரு கணம் நின்றார். அப்புறம் நேராக வந்து அவன் கையைப் பிடித்தார்.

“நான்தாண்டா. வா, வீட்டுக்குப் போலாம்.”

அந்தச் சொற்கள் எனக்கு இரண்டு முறை கேட்டன. ஒருமுறை அவர் வாயிலிருந்து, ஒருமுறை வெளியே ஒலிபெருக்கிகளிலிருந்து. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு திறந்து கிடந்தது. மேஜையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பையன் வந்ததிலிருந்து பேசியதெல்லாம் வெளியே போயிருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் அக்கா ஒருநாளும் சுவிட்சை அணைக்காமல் எழுந்ததில்லை. இரண்டு எட்டு வைத்தால் அணைத்திருப்பேன். அணைக்கவில்லை.

“நீங்க எங்க அம்மா இல்லையே” என்றான் பையன். கோபமாகச் சொல்லவில்லை. “அவங்க வரலையா?”

“வரலப்பா. நம்பர் சொல்லு, நான் பேசறேன்.”

பையன் எண்ணைச் சொன்னான். ஒவ்வொரு எண்ணாக, நிலையம் முழுக்கக் கேட்கும்படி. அவனுக்கு அது தெரியாது. அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“வீட்ல சொல்லாமத்தான் போய்ச் சேந்தேன். திட்ட மாட்டாங்கன்னு சொன்னீங்கல்ல. நிஜமா திட்ட மாட்டாங்கல்ல?”

அக்கா பதில் சொல்வதற்குள் காவலர்கள் வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு புஜத்தைப் பிடித்தார்கள். அக்கா கையை விடவில்லை. ஒரு காவலர் விரல் விரலாகப் பிரித்துவிட்டார். பையன் திமிறவில்லை. தொப்பியை மறந்து போனான். வண்டி இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

அன்றைக்கே அக்காவை அழைத்துப் போனார்கள். மூன்றாம் நாள்தான் விட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த எண்ணுக்குப் பேசியிருக்கிறார். அந்தப் பையனின் அம்மா, உங்களுக்கு முன்னால் பதினேழு பேர் பேசிவிட்டார்கள் என்றாராம். டீ விற்பவர், சுமைக்காரர்கள், எந்த ஊருக்கோ வண்டி மாறக் காத்திருந்தவர்கள் எல்லோரும் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அன்று மாலையே பேசியிருக்கிறார்கள். உங்கள் பையனைப் பார்த்தோம், நன்றாக இருக்கிறான் என்று. நான் பேசவில்லை. எண் எனக்கும் ஞாபகம் இருந்தது.

துறை விசாரணையில் என்னைக் கேட்டார்கள். விளக்கு எரிந்ததைப் பார்த்தீர்களா என்று. பார்க்கவில்லை என்றேன். கதவைத் திறந்தது யார் என்றார்கள். தாழ் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்றேன். என்னைக் காட்டிக்கொடுக்க அக்காவுக்கு ஒரு வார்த்தை போதும். அவர் சொல்லவில்லை. மறந்து எழுந்துவிட்டேன் என்று எழுதிக்கொடுத்தால் தண்டனை குறையும் என்று மேலாளர் மன்றாடியும், மறக்கவில்லை என்றே எழுதிக்கொடுத்தார். வேலை போயிற்று. அவர் இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார்கள். பார்த்துக்கொண்டேன். அன்று முதல் ஸ்பெஷல் நிற்கும்போது பெட்டிக் கதவுகளை வெளிப்பக்கம் பூட்டச் சொல்லி உத்தரவாயிற்று.

அக்காவின் மகன் ஒருமுறை பேசினான். யாருடைய தொலைபேசியையோ கடன் வாங்கி, இரண்டு நிமிடம். அவன் ஏழாவது பெட்டியில் இருந்திருக்கிறான். “என்னைத்தான் கூப்பிட்டீங்கன்னு தெரியும்மா. எந்திரிச்சேன். பாத்தா பெட்டில எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க. எல்லாருக்கும் எங்கயாவது ஒரு தழும்பு இருக்கு. நான் மட்டும் எப்படிம்மா இறங்குறது?” அதற்குப் பிறகு அவனிடமிருந்து தகவல் இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து அக்கா நிலையத்தின் வெளிவாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார். கையில் அட்டை: எங்கள் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புங்கள். ஸ்பெஷல் நிற்கும் எட்டு நிமிடமும் வெறும் தொண்டையில் கூப்பிடுவார். வயது, உடுப்பு, அடையாளம். முதல் நாள் ஒருவன் துரோகி என்று காறித் துப்பிவிட்டுப் போனான். இரண்டாவது வாரம் ஒரு பெண் வந்து ஒரு சீட்டைக் கொடுத்தார். என் பிள்ளைக்குக் கன்னத்தில் மச்சம், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று. பிறகு சீட்டுகள் குவிந்தன. முழங்கையில் தீக்காயம். முன்பல் பாதி. ஒரு காது சின்னது. வாசலுக்கும் நடைமேடைக்கும் நடுவில் இரண்டு சுவர், ஒரு சரக்குக் கொட்டகை. அந்தக் குரல் வண்டிக்குள் போய்ச் சேரவே சேராது. அது அவருக்கும் தெரியும். ஆறு வாரத்தில் தொண்டை கட்டிக் கரகரத்துவிட்டது. அதே நேரத்தில் உள்ளே இயந்திரம் அவருடைய இளங்குரலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருக்கும். வாசல் பக்கம் பார்த்த முகப்பில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டுக்கொண்டு நான் சம்பளம் வாங்கினேன். எனக்கு என்னையே பிடிக்காமல் போயிற்று.

போன வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒரு பெண்மணி என் முகப்புக்கு வந்தார். நீண்ட பயணம் செய்த முகம். அட்டவணை கேட்பார் என்று நினைத்துப் பலகையைக் கைகாட்டினேன். அவர் பலகையைப் பார்க்கவில்லை. என் பையன் இங்கேதான் கடைசியாக என்னைத் தேடியிருக்கிறான், அந்தப் பதினேழு பேரும் சொன்னார்கள் என்றார். அவன் போய்ச் சேர்ந்து இருபதாம் நாள் தந்தி வந்ததாம். வேறு ஒன்றும் வரவில்லை.

இழுப்பறையில் வைத்திருந்த தொப்பியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவன் என்ன பேசினான் என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. நேரடி அறிவிப்புகளெல்லாம் இயந்திரத்தில் தானாகவே பதிவாகி மூன்று மாதம் இருக்கும். கண்ணாடி அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதில் ஒலிக்கருவியை மாட்டி, அந்த நாளைப் போட்டேன்.

அவர் அசையாமல் கேட்டார். வலதும் இடதும் வந்த இடத்தில் சிரித்தார்.

“எனக்கு எப்பவுமே இடது வலது குழம்பும். ரோட்ல வழி கேட்டாக்கூட மாத்தித்தான் சொல்லுவேன். அதை வச்சு என்னைக் கேலி பண்ணிக்கிட்டே இருப்பான்.”

மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறை, பையன் கடைசியாகக் கேட்கிற இடம் வந்ததும் காதில் மாட்டியதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “மாட்டேண்டா, திட்ட மாட்டேன்” என்றார். என்னிடம் சொல்லவில்லை.

பத்து நாற்பது. ஸ்பெஷல் வந்து நின்றது. காவலர்கள் கதவுகளைப் பூட்டிக்கொண்டே போனார்கள். தூரத்து வாசலில் அக்காவின் கரகரத்த குரல் யாருடைய முன்பல்லையோ சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்மணி ஜன்னல் வழியே பச்சைச் சட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது அவங்களுக்குக் கேக்குமா?”

ஓய்வுக்கு இன்னும் இரண்டரை வருடம் இருந்தது. இந்த முறை யாராவது கேட்டால், விளக்கு எரிந்ததைப் பார்த்தேன், நான்தான் போட்டேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வீரம். இயந்திரத்தின் அறிவிப்பை நிறுத்தினேன். சுவிட்சைப் போட்டேன். ஒலிக்கருவியின் வயரைப் பிடுங்கிவிட்டு, பதிவை முதலிலிருந்து ஓடவிட்டேன்.

ஒரு பிள்ளை தனியாக இருக்கிறான் என்றது அக்காவின் பழைய குரல். எங்க அம்மா எங்க சார் என்றான் இறந்துபோன பையன். வாசலில் கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல் நின்றுவிட்டது. காவலர்கள் என் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். இந்த முறை நான் தாழை எடுக்கவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதல் பெட்டியில் ஒருவன் எழுந்தான். பிறகு அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன். அப்புறம் பெட்டி பெட்டியாக எல்லோரும் எழுந்து, பூட்டிய கதவுகளைப் பார்த்து நின்றார்கள். வண்டி கிளம்பிக் கடைசிப் பெட்டி கண்ணிலிருந்து மறையும்வரை ஒருவனும் உட்காரவில்லை.